மரம் பச்சையாக இருக்கிறது, உறுதியாக இருக்கிறதா?

ஐப்பசி நெருங்கும்போது நம் ஊர்க் குடியிருப்புகளில் தவறாமல் ஒரு பேச்சு எழும். வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரமோ குல்மோகரோ இந்த மழைக்குத் தாங்குமா? சங்கக் கூட்டத்தில் ஒருவர் வெட்டிவிடலாம் என்பார். முப்பது வருடம் வளர்ந்ததை எப்படி வெட்டுவது என்பார் இன்னொருவர். கடைசியில் மரம் வெட்டும் ஆளைக் கூப்பிட்டு மொட்டை அடிப்பதில் பேச்சு முடியும்.

இரண்டு தரப்பினரும் ஊகத்தில்தான் பேசுகிறார்கள். அந்த மரம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முறையான வழி இருக்கிறது. வீடு, பள்ளி, கோயில், அலுவலக வளாகம் எதுவானாலும் அந்த வழியை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். யாரைக் கூப்பிடுவது, வந்தவர் என்ன பார்ப்பார், அவர் சொன்னதை வைத்து நீங்கள் என்ன செய்வது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் எல்லோருக்கும் வரும் சந்தேகம். இலை தழைத்துப் பச்சைப்பசேலென்று நிற்கும் மரம் விழுமா?

விழும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் கரையைக் கடந்தபோது மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று அடித்தது. நகரம் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. குல்மோகரும் பெருங்கொன்றையும் தூங்குமூஞ்சியும் தெருத்தெருவாகச் சாய்ந்தன. முந்தின நாள் மாலை வரை நிழல் தந்துகொண்டிருந்தவை அவற்றில் ஏராளம்.

காரணம் மரத்தின் உடலமைப்பில் இருக்கிறது. பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய அடுக்கும் அதையொட்டிய வெளிப்புற மரமும்தான் நீரையும் உணவையும் கடத்துகின்றன. நடுவில் இருக்கும் வைரம் (முதிர்ந்து கடினமான உள்மரம்) உயிரற்றது. பாரத்தைத் தாங்குவது மட்டுமே அதன் வேலை. அந்த நடுப்பகுதி அழுகினாலும் இலைக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். மேலே பச்சை குறையாது.

ஆகவே ஒரு மரத்தைப் பற்றி இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அது நலமாக இருக்கிறதா என்பது ஒன்று. அது உறுதியாக நிற்கிறதா என்பது மற்றொன்று. இலை வெளுத்து வாடிய மரம் இன்னும் பல ஆண்டுகள் அசையாமல் நிற்கக்கூடும். பூத்துக் குலுங்கும் மரம் அடுத்த காற்றில் சாயக்கூடும். ஒன்றை வைத்து மற்றொன்றைத் தீர்மானிப்பதால்தான் நல்ல மரங்களை வெட்டுகிறோம், ஆபத்தான மரங்களின் கீழே வண்டியை நிறுத்துகிறோம்.

சரி, நடுவில் பொந்து விழுந்துவிட்டால் வெட்டித்தான் ஆக வேண்டுமா?

அவசியமில்லை. மூங்கிலைப் பாருங்கள். உள்ளே ஒன்றுமில்லை, ஆனாலும் காற்றுக்கு வளைந்து நிமிர்கிறது. தண்டின் பலத்தில் பெரும்பங்கு அதன் வெளிவட்டத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் மரங்களின் இயக்கவியலை ஆராய்ந்த கிளாஸ் மாத்தெக் ஒரு வழிகாட்டி அளவைச் சொன்னார். பொந்தைச் சுற்றி எஞ்சியிருக்கும் நல்ல மரத்தின் தடிமன், தண்டின் ஆரத்தில் (நடுவிலிருந்து விளிம்பு வரையான தூரத்தில்) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது அது. 60 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தண்டுக்கு ஆரம் 30 சென்டிமீட்டர். சுற்றிலும் 10 சென்டிமீட்டர் நல்ல மரம் இருந்தால் பதற வேண்டியதில்லை. இதை வல்லுநர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வதில்லை. பொந்தின் வாய் எவ்வளவு பெரிது, மேலே கிளைப்பாரம் எவ்வளவு என்பதையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

பொந்தில் சிமெண்ட் போட்டு அடைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஒரு காலத்தில் உலகெங்கும் அப்படிச் செய்தார்கள், பிறகு கைவிட்டார்கள். காற்றில் மரம் வளையும், சிமெண்ட் வளையாது. இரண்டும் உராய்ந்து உள்ளே புதுக்காயம் உண்டாகும், இடுக்கில் ஈரம் தங்கி அழுகல் கூடும். பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வதும் தவறு.

ஏன் தவறு? காயம்பட்ட மரத்தில் நம் தோலைப் போல அந்த இடமே மீண்டும் முளைத்து ஆறிவிடுவதில்லை. காயத்தைச் சுற்றி மரம் உள்ளுக்குள் சுவர் எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புது மரத்தை வளர்க்கிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷிகோ, மரங்களை நெடுக்காக அறுத்து அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். 1977இல் அவர் வெளியிட்ட விளக்கம்தான் இன்றைய மரப் பராமரிப்புக்கு அடிப்படை. பொந்தைச் சுரண்டும்போது மரம் பாடுபட்டு எழுப்பிய அந்தச் சுவரை நீங்கள் உடைக்கிறீர்கள். வெட்டுக்காயத்தில் தார், பெயிண்ட் பூசுவதாலும் அழுகல் நிற்பதில்லை.

நடுத்தண்டு போன பிறகும் வாழும் மரங்கள் நம் பக்கத்திலேயே உண்டு. சென்னை அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் காற்றில் சாய்ந்தது. கொல்கத்தாவை அடுத்த ஹௌராவில் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரத்துக்குப் பூஞ்சை அரித்த நடுத்தண்டை 1925இல் அகற்றினார்கள். இரண்டும் விழுதுகளின் மேல் இன்றும் நிற்கின்றன. எல்லா மரத்துக்கும் விழுது கிடையாது என்பது உண்மைதான். ஆனால் "உள்ளே கெட்டுப்போச்சு" என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டு ஒரு மரத்தின் கதையை முடித்துவிடக் கூடாது.

அப்படியானால் நம் நகரங்களில் மரங்களைச் சாய்ப்பது எது? என் கணிப்பில், தண்டை விட வேர்தான். அதிலும் நாம் வேருக்குச் செய்வது.

மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்துக்கு ஆணிவேர் போயிருக்கும் என்று நம்புகிறோம். வளர்ந்த மரங்கள் பெரும்பாலானவற்றில் அப்படி இல்லை. வேர்களில் மிகப்பெரும் பகுதி மண்ணின் மேல் 60 சென்டிமீட்டருக்குள் பக்கவாட்டில் பரவியிருக்கும். காற்றும் ஈரமும் அங்கேதான் கிடைக்கின்றன. கிளைகள் விரிந்திருக்கும் எல்லையையும் தாண்டி அவை ஓடும். தூரை (அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தை) ஒட்டிய சில தடித்த வேர்கள்தான் மரத்தை நங்கூரமிட்டுப் பிடித்திருக்கின்றன.

இப்போது தெருவைப் பாருங்கள். தூர் வரை சிமெண்ட் தளம். ஒரு பக்கம் மழைநீர் வடிகால், மறுபக்கம் குடிநீர்க் குழாய், பிறகு கேபிளுக்கு ஒரு பள்ளம். ஒவ்வொரு பள்ளமும் ஒரு பக்கத்து வேரை அப்படியே அறுத்துவிட்டுப் போகிறது. பள்ளத்தை மூடித் தளம் போட்டதும் காயம் கண்ணுக்குத் தெரியாது. சில ஆண்டுகள் கழித்து, மண் ஊறிய ஒரு நாளில், வேர் இல்லாத பக்கத்துக்கு எதிர்ப்புறமாக மரம் சாயும். மக்கள் காற்றைக் குறை சொல்வார்கள்.

2022 ஜூனில் சென்னை கே.கே.நகரில் காரின் மேல் மரம் விழுந்து ஒரு வங்கி அதிகாரி உயிரிழந்தார். பக்கத்தில் நடந்த வடிகால் பணிதான் காரணம் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள், மாநகராட்சி அதை மறுத்தது. காரணம் எதுவானாலும், வேரைத் தொடும் எந்த வேலைக்கும் முன்பாக மரத்தைப் பார்க்க ஒருவர் வர வேண்டும் என்பது எனக்கு விவாதத்துக்கு அப்பாற்பட்டது.

எவ்வளவு தள்ளித் தோண்டலாம்? பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் தரநிலைகளில் ஒரு கணக்கு இருக்கிறது. மார்பு உயரத்தில் தண்டின் குறுக்களவை எடுத்து 12ஆல் பெருக்க வேண்டும். அந்த ஆரத்துக்குள் தோண்டக் கூடாது, பாரம் ஏற்றக் கூடாது. குறுக்களவை அளப்பது கடினம், சுற்றளவு எளிது. டேப்பை மார்பு உயரத்தில் சுற்றிப் பார்த்து, வரும் அளவை ஏறக்குறைய நான்கு மடங்காக்கினால் போதும். சுற்றளவு 157 சென்டிமீட்டர் என்றால் காக்க வேண்டிய தூரம் சுமார் 6 மீட்டர்.

நம் தெருவில் 6 மீட்டருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இடம் இல்லாதபோது குறைந்தபட்சம் இவற்றைச் செய்யலாம். தூர் அருகே ஜேசிபி வேண்டாம், கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு கையால் தோண்டச் சொல்லுங்கள். கட்டைவிரல் தடிமனுக்கு மேற்பட்ட வேர் வந்தால் அறுக்காமல் அதன் அடியில் குழாயை நுழைக்கச் சொல்லுங்கள். அறுத்தே ஆக வேண்டுமென்றால் பிய்க்காமல் ரம்பத்தால் அறுக்க வேண்டும். பள்ளத்தைத் திறந்துபோட்டு வேரை வெயிலில் காயவிடாமல் அன்றே மண்ணால் மூட வேண்டும்.

தளத்துக்கும் ஒரு அளவு உண்டு. தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்கு சிமெண்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. உங்கள் வளாகத்தில் அதைச் செய்ய எந்த உத்தரவும் தேவையில்லை. டைல்ஸ் போடும் ஆளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தூரைச் சுற்றி மண்ணைக் குவித்து மேடை கட்டும் பழக்கத்தையும் விட வேண்டும். மண்ணுக்குள் புதைந்த பட்டை எப்போதும் ஈரமாகவே இருந்து அழுகும்.

ஆளைக் கூப்பிடும் முன் நீங்களே எதைப் பார்க்கலாம்?

காலையில் நல்ல வெளிச்சத்தில் மரத்திலிருந்து தள்ளி நின்று முழுதாகப் பாருங்கள். உச்சியில் இலையற்ற குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா? ஒரு பக்கம் மட்டும் இலை அடர்த்தி குறைந்திருக்கிறதா? பிறகு நெருங்கி வந்து தண்டைச் சுற்றி ஒரு முறை முழுதாக நடங்கள். பலர் வாசல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பொந்து மதில் பக்கமாகவும் இருக்கலாம்.

கவையைக் கவனியுங்கள். இரண்டு பெரிய கிளைகள் பிரியும் இடம் அகலமாக, மேடு தட்டி இருந்தால் நல்லது. இரண்டும் ஒட்டியபடி செங்குத்தாகப் போய், நடுவில் பட்டை உள்வாங்கிக் கோடு போல விழுந்திருந்தால் அங்கே பிடிப்பு குறைவு. கவை பிளந்து பாதி மரம் விழுவது இப்படித்தான்.

கடைசியாகத் தூர். குனிந்து பாருங்கள். மெருகு பூசியதுபோல் பளபளக்கும் பழுப்பு நிறத் தட்டுக் காளான் அடிமரத்தில் முளைத்திருந்தால் அது கானோடெர்மாவாக (வேரையும் அடிமரத்தையும் அழுகவைக்கும் பூஞ்சையாக) இருக்கலாம். தென்னைக்குத் தஞ்சாவூர் வாடல் நோயைக் கொண்டுவருவதும் இந்தக் குடும்பம்தான். காளானைப் பிடுங்கி எறிந்தால் நோய் போகாது. அது வெளியே தெரியும் காய் மட்டும், பூஞ்சை உள்ளே இருக்கிறது. பிடுங்காமல் படம் எடுத்து வையுங்கள், பார்க்க வருபவருக்கு அது முக்கியமான தடயம்.

சாய்ந்திருக்கும் மரமெல்லாம் ஆபத்தா? இல்லை. வெளிச்சத்தைத் தேடிச் சிறுவயதிலிருந்தே சாய்ந்து, பிறகு நுனி நிமிர்ந்து வளர்ந்த மரம் அந்தச் சாய்வுக்கு ஏற்பத் தன்னை உறுதிப்படுத்திக்கொண்டிருக்கும். நேராக நின்ற மரம் புதிதாகச் சாய்ந்தால், சாய்வுக்கு எதிர்ப்புறம் மண் விரிசல் விட்டோ மேடிட்டோ இருந்தால், அன்றே அந்த இடத்துக்கு யாரும் போகாமல் கயிறு கட்டுங்கள்.

பட்டையில் கரையான் மண் ஏறியிருந்தால்? பெரும்பாலும் அது வெளிப்பட்டையின் செத்த பகுதியைத் தின்னுகிறது. மண்ணைத் தட்டிவிட்டு அடியில் பட்டை முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். பொந்துக்குள்ளிருந்து கரையான் வந்தால் உள்ளே செத்த மரம் இருக்கிறது என்று பொருள், அதைச் சொல்ல மறக்காதீர்கள்.

வேம்பு கருகுவதைப் பற்றியும் ஒரு சொல். சில ஆண்டுகளாகத் தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் வேப்பமரங்கள் நுனியிலிருந்து பழுப்பேறி, தீப்பட்டதுபோல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நுனிக்கருகல் பூஞ்சையும் கொழுந்தில் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு நாவாய்ப்பூச்சியும் இதற்குக் காரணங்கள். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலான மரங்கள் மறுபடி துளிர்த்துவிடுகின்றன. இதற்காக வேம்பை வெட்டியவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு பருவம் காத்திருந்தால் போதும்.

இனி, யாரைக் கூப்பிடுவது?

இந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்றவரை ஆர்பரிஸ்ட் (தனித்தனி மரங்களின் நலனையும் உறுதியையும் கணித்துப் பராமரிக்கும் வல்லுநர்) என்கிறார்கள். 1924இல் தொடங்கிய சர்வதேச மரவளர்ப்புச் சங்கம் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. மரத்தின் ஆபத்தைக் கணிப்பதற்கென்று தனித் தகுதியும் தருகிறது. இந்தியாவில் இப்படிச் சான்று பெற்றவர்கள் குறைவு, பெரும்பாலும் பெருநகரங்களில் இருக்கிறார்கள். நோய், பூச்சி பற்றிய சந்தேகம் என்றால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனம், உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவற்றை அணுகலாம். கருகிய கிளை, இலை, காளான் ஆகியவற்றின் படங்களோடு போனால் பேச்சு சுருங்கும்.

மரம் வெட்டுபவரிடமே கேட்டால் என்ன? ஏறி இறங்கும் அனுபவத்தில் அவருக்கு மரங்களைப் பற்றி நிறையத் தெரிந்திருக்கும், அதை நான் மதிக்கிறேன். ஆனால் வெட்டினால்தான் அவருக்குக் கூலி. சில இடங்களில் விறகும் அவருக்கே. வெட்டலாமா என்ற கேள்விக்கு அவரிடமிருந்து நடுநிலையான பதில் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமில்லை. பார்த்துச் சொல்பவருக்குப் பார்ப்பதற்கு மட்டும் கட்டணம் கொடுங்கள். வெட்டும் வேலையைப் பிறகு வேறொருவரிடம் ஒப்படையுங்கள்.

பேசும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். எழுத்தில் அறிக்கை தருவீர்களா? ஒவ்வொரு மரத்துக்கும் தனியாகக் குறிப்பு இருக்குமா? மொட்டை அடிப்பதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? மூன்றாவதுக்கு "பாதுகாப்புக்கு நல்லதுதானே" என்று ஒருவர் சொன்னால், நன்றி சொல்லி வேறு ஆளைத் தேடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வந்தவர் என்ன செய்வார்?

மூன்று படிகள் உண்டு. பல மரங்கள் உள்ள வளாகம் என்றால் முதலில் ஒரு சுற்று நடந்து, கவனம் தேவைப்படும் மரங்களை மட்டும் பிரித்தெடுப்பார். இரண்டாவது படியில் அந்த மரங்களை ஒவ்வொன்றாகத் தூர் முதல் உச்சி வரை சுற்றிப் பார்ப்பார். சுத்தியலால் தண்டைத் தட்டி ஒலியைக் கேட்பார், பொந்து இருந்தால் கம்பியை விட்டு ஆழம் பார்ப்பார், பைனாகுலரால் மேல் கிளைகளைப் பார்ப்பார். உங்களிடம் நிறையக் கேள்விகளும் கேட்பார். எப்போது தளம் போட்டீர்கள், எந்தப் பக்கம் பள்ளம் தோண்டினார்கள், எப்போது கிளை முறிந்தது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். கட்டிட வேலைகளின் தேதிகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

மூன்றாவது படியில்தான் கருவிகள். ரெசிஸ்டோகிராஃப் (மெல்லிய ஊசியைச் சுழற்றி மரத்துக்குள் செலுத்தி, எங்கே கடினம், எங்கே அழுகல் என்று வரைந்து காட்டும் கருவி) ஒன்று. சோனிக் டோமோகிராஃப் (தண்டைச் சுற்றி உணர்விகள் பொருத்தி, தட்டும் ஒலி மரத்துக்குள் பரவும் வேகத்தை வைத்து உட்புறத்தைப் படமாக்கும் கருவி) மற்றொன்று. கயிறு கட்டி அளவோடு இழுத்து, வேர் எவ்வளவு அசைகிறது என்று அளப்பதும் உண்டு.

எல்லா மரத்துக்கும் கருவி வேண்டுமா? வேண்டாம். பெரும்பாலான மரங்களுக்கு இரண்டாவது படியே போதும். பார்த்த பிறகும் சந்தேகம் தீராத, வெட்ட மனம் வராத, கீழே ஆட்கள் நடமாடும் பெரிய மரத்துக்கே மூன்றாவது படி. வந்தவுடன் கருவியை வெளியே எடுப்பவரை விட, அரைமணி நேரம் மரத்தைச் சுற்றி வருபவரை நான் அதிகம் நம்புவேன். ஊசி போகும் ஒவ்வொரு துளையும் மரம் உள்ளே எழுப்பிய சுவரைச் சிறிதளவேனும் துளைக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மரம் பழுதானது என்றால் ஆபத்தானது என்றுதானே பொருள்?

அது மரம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. மூன்று விஷயங்களைச் சேர்த்துத்தான் ஆபத்தைக் கணிப்பார்கள்: முறிய எவ்வளவு வாய்ப்பு, முறிந்தால் எதன்மீதாவது விழ எவ்வளவு வாய்ப்பு, விழுந்தால் சேதம் எவ்வளவு. ஆள் போகாத மூலையில் பட்டுப்போய் நிற்கும் மரத்தை மரங்கொத்திக்கு விட்டுவிடலாம். பள்ளி மாணவர்கள் உட்காரும் திண்ணைக்கு மேலே ஒரே ஒரு காய்ந்த கிளை இருந்தாலும் அதை அன்றே எடுக்க வேண்டும்.

இதிலிருந்து ஒரு பயனுள்ள வழி பிறக்கிறது. மரத்தைத் தொடாமலே ஆபத்தைக் குறைக்கலாம். வண்டி நிறுத்தும் இடத்தை மாற்றுங்கள், பெஞ்சை நகர்த்துங்கள், ஊஞ்சலை வேறிடத்தில் கட்டுங்கள், கிளைக்குக் கீழே செடிகளை வளர்த்து ஆள் நிற்காமல் செய்யுங்கள். மரத்தை வெட்டும் செலவோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒன்றுமேயில்லை.

தெலங்கானாவின் மஹபூப்நகரில் உள்ள பில்லலமர்ரி என்ற பழம்பெரும் ஆலமரத்தில் கரையான் அரித்துப் பெரிய கிளை விழுந்தபோது, 2017 டிசம்பரில் முதலில் பார்வையாளர்களை நிறுத்தினார்கள். அடுத்து, தொங்கும் கிளைகளுக்கு முட்டுக் கொடுத்தார்கள். 2018இல் கரையான் மருந்தை நீரில் கலந்து, சலைன் பாட்டில்களில் ஊற்றி, மரத்துக்குள் சொட்டுச்சொட்டாக ஏற்றினார்கள். பாட்டில்கள் தொங்கும் படம் நாடெங்கும் பரவியது. எனக்கு அந்த வரிசைதான் முக்கியமாகப் பட்டது. முதலில் ஆட்களைத் தள்ளி நிறுத்தியது, பிறகு தாங்கல், பிறகு மருந்து. உங்கள் வீட்டு மரத்துக்கும் இதே வரிசை பொருந்தும். பூச்சிமருந்தை மட்டும் நீங்களாகத் துளை போட்டு ஏற்றிப் பார்க்க வேண்டாம்.

அறிக்கை வந்ததும் எதைப் பார்ப்பது? ஒவ்வொரு மரத்துக்கும் எண், பெயர், சுற்றளவு, நிற்கும் இடம், கண்ட பழுது, அதன் படம், கீழே என்ன இருக்கிறது என்பவை இருக்க வேண்டும். ஆபத்தை வழக்கமாகக் குறைவு, மிதம், அதிகம், மிக அதிகம் என்று நான்கு நிலைகளில் எழுதுவார்கள். அதை விட முக்கியமானது அடுத்த வரி: என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள். இந்தக் கணிப்பு எவ்வளவு காலத்துக்குச் செல்லும் என்றும் எழுதியிருக்க வேண்டும். காலம் குறிக்காத அறிக்கை என்றால் திருப்பிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள்.

பரிசோதித்துவிட்டால் மரம் விழவே விழாது என்று உறுதி உண்டா?

இல்லை, அப்படி உறுதி தருபவர் பொய் சொல்கிறார். சிங்கப்பூரில் மரங்களை முறையாகக் கணக்கெடுத்துப் பரிசோதிப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கேயே 2017 பிப்ரவரி 11 அன்று தாவரவியல் பூங்காவில் 270 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, 40 மீட்டர் உயரமான டெம்புசு மரம் விழுந்து ஒரு பெண் உயிரிழந்தார். அந்த மரத்தை முந்தைய செப்டம்பரில்தான் பரிசோதித்து, நலமாக இருப்பதாகக் குறித்திருந்தார்கள். மண்ணுக்கடியில் நடப்பதை முழுதாகப் பார்க்கும் கண் யாருக்கும் இல்லை. பரிசோதனையால் ஆபத்து குறையும், அற்றுப்போகாது. ஆனால் பார்க்காமல் விட்ட மரத்தையும் பார்த்துக் காத்த மரத்தையும் ஒன்றாக வைக்க முடியாது.

இப்போது மொட்டை அடிப்பதற்கு வருவோம். மழைக்கு முன் எல்லாக் கிளைகளையும் பாதியில் வெட்டி, தண்டை மட்டும் நிறுத்திவைப்பது பாதுகாப்பு என்றுதான் தோன்றும். அந்த ஒரு மழைக்கு அப்படி இருக்கலாம். பிறகு, வெட்டிய முனைகளிலிருந்து கொத்துக்கொத்தாகத் துளிர் கிளம்பும். அந்தப் புதுக்கிளைகள் வெளிவிளிம்பில் மட்டுமே ஒட்டியிருக்கும், மூலக்கிளையைப் போல மரத்துக்குள் ஊன்றியிருக்காது. வெட்டிய பெரிய முகங்கள் மூட முடியாமல் அழுகும். சில ஆண்டுகளில், அழுகிய முனையின் மேல் பாரமான கிளைகள். நீங்கள் காசு கொடுத்து உருவாக்கிய ஆபத்து அது.

சரியான கவாத்து (தேர்ந்தெடுத்துக் கிளை கழித்தல்) வேறு. காய்ந்தவை, முறிந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை ஆகியவற்றை முதலில் எடுப்பார்கள். பாரம் மிகுந்த நீண்ட கிளையை, அதிலிருந்து பிரியும் சிறு கிளை வரை குறைப்பார்கள். பச்சையில் கால் பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்க மாட்டார்கள். வெட்டு எங்கே விழுகிறது என்று நின்று பாருங்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம்போல் ஒரு புடைப்பு இருக்கும். அதற்கு வெளியே, அதைத் தொடாமல் அறுக்க வேண்டும். தண்டோடு வழித்து அறுத்தாலும் தவறு, முழம் நீளம் விட்டு அறுத்தாலும் தவறு. கனமான கிளை என்றால் முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துக்கொண்டால்தான் விழும்போது பட்டை உரிந்து தண்டு வரை கிழியாது. மேலே கூடும் குஞ்சும் இருந்தால் அந்தக் கிளையை மட்டும் சில வாரம் தள்ளிப்போடலாம்.

வெட்டியே ஆக வேண்டும் என்று அறிக்கை சொன்னால் வெட்டத்தான் வேண்டும். வேர் அழுகி, தெருவுக்கு மேல் சாய்ந்த மரத்தைப் பாசத்தால் நிறுத்திவைப்பது அடுத்தவர் உயிரோடு விளையாடுவது.

ஆனால் அனுமதி? தெருவோர மரம் உங்கள் வாசலில் நின்றாலும், நீங்களே நட்டிருந்தாலும், அது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பில் இருப்பது. நீங்களாக வெட்டக் கூடாது. அரசு நிலத்து மரங்களை வெட்டுவதை ஆராய மாவட்டந்தோறும் பசுமைக் குழு இருக்கிறது. மலைப்பகுதிகளுக்கு 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் தனியாக உண்டு. சந்தனம் என்றால் சொந்த நிலத்தில் நின்றாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடக் கூடாது. சொந்த மனையில் உள்ள மற்ற மரங்களுக்கு உங்கள் ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். படத்தோடு கூடிய எழுத்து அறிக்கை கையில் இருந்தால் அங்கேயும் வேலை விரைவாக நடக்கும்.

மின்கம்பியைத் தொடும் கிளையை நீங்களோ உங்கள் ஆளோ வெட்டவே கூடாது. பச்சைக்கிளையில் மின்சாரம் பாயும். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் எதுவும். சென்னையில் தெரு மரம் சாய்ந்தாலோ சாயும் நிலையில் இருந்தாலோ மாநகராட்சியின் 1913.

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது? கீழே ஆட்கள் புழங்கும் பெரிய மரங்களை ஆண்டுக்கு ஒருமுறை, ஆவணி வாக்கில். அப்போதுதான் வடகிழக்குப் பருவமழைக்கு முன் கவாத்துக்கும் அனுமதிக்கும் நேரம் கிடைக்கும். கோவை, தென்காசி போல ஆடிக்காற்று வீசும் பக்கங்களில் சித்திரையிலேயே பார்த்துவிடலாம். புயலுக்குப் பிறகும், அருகில் பள்ளம் தோண்டிய பிறகும், கணக்கில் சேராமல் இன்னொரு முறை.

ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் நின்று ஒரே கோணத்தில் படம் எடுத்து அறிக்கையோடு சேர்த்து வையுங்கள். உச்சி மெலிவதும் சாய்வு கூடுவதும் நினைவில் தெரியாது, படங்களை அடுக்கினால் தெரியும். சங்கத்தில் பொறுப்பாளர்கள் மாறும்போது லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர்த் தொட்டி கழுவும் கணக்குகளோடு இந்தக் கோப்பையும் கையளியுங்கள். தளமோ குழாயோ போட வரும் ஒப்பந்தக்காரரிடம், எந்த மரத்தைச் சுற்றி எத்தனை மீட்டர் தோண்டக் கூடாது என்ற பக்கத்தின் நகலைக் கொடுத்து, முன்பணம் தரும் முன்பே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.